கரை போனது, ஊரும் போனது

இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் என்றொரு மாவட்டம் உண்டு. அதன் தென்கோடியில் ஸ்டார்ட் முனை கடலுக்குள் நீண்டு நிற்கிறது. 1836-ல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கம் இன்றும் அங்கே ஒளிர்கிறது. முனைக்குச் சற்று வடக்கே, செங்குத்தான பாறைச் சரிவுக்கும் கடலுக்கும் இடையே இருந்த ஒடுங்கிய பாறைத் திட்டின்மேல், ஹால்சாண்ட்ஸ் என்னும் மீனவர் சிற்றூர் அமைந்திருந்தது. 1891-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி அங்கே 159 பேர் வாழ்ந்தனர். 37 வீடுகளும் 'லண்டன் இன்' என்ற விடுதியும் இருந்தன. நண்டும் மீனும் பிடித்தே அம்மக்கள் பிழைத்தனர். இன்று அவ்விடத்தில் சில இடிந்த சுவர்களே எஞ்சியுள்ளன.

கடல் ஊர்களை விழுங்குவது புதிதல்லவே என்று வாசகர்கள் எண்ணலாம். ஆனால் இந்த ஊரைக் கடல் தானாக விழுங்கவில்லை. அதற்கு வழி திறந்துவிட்டவன் மனிதன்.

ஊருக்கு முன்னே கூழாங்கற்களால் ஆன அகன்ற கரை ஒன்று இருந்தது. மீனவர்கள் படகுகளை அதன்மேல்தான் இழுத்து வைப்பார்கள். ஊரைக் காத்ததும் அதுதான். எப்படி என்பதை அறிய ஓர் எளிய சோதனை செய்து பாருங்கள். ஒரு குடம் தண்ணீரைச் சிமென்டுத் தரையில் வேகமாகக் கொட்டுங்கள். தண்ணீர் சுவர்வரை ஓடி மோதும். அதே தண்ணீரை ஜல்லிக் குவியலின்மேல் கொட்டினால் பாதிக்குமேல் இடுக்குகளுக்குள் இறங்கிவிடும். கூழாங்கல் கரையிலும் இதுவே நடக்கிறது. ஏறி வரும் அலையின் நீர் கற்களுக்கு இடையே புகுந்து வேகம் இழக்கிறது. கற்கள் உருண்டு ஒன்றோடொன்று உராய்வதிலும் அலையின் ஆற்றல் செலவாகிறது. திரும்பிச் செல்லும் நீர் வலுக் குறைந்திருப்பதால், கற்களை வாரிக்கொண்டு போக அதனால் எளிதில் முடிவதில்லை.

1890-களில் பிளிமத் நகரை அடுத்த டெவன்போர்ட்டில் கடற்படையின் கப்பல் துறையை விரிவுபடுத்தத் தொடங்கினார்கள். கான்கிரீட் போடக் கல் ஏராளமாகத் தேவைப்பட்டது. ஒப்பந்தக்காரர் சர் ஜான் ஜாக்சன் அரசின் அனுமதி பெற்று, 1897-ல் ஹால்சாண்ட்ஸ் ஊருக்கு எதிரே கூழாங்கற்களை வாரத் தொடங்கினார். 1902 தொடக்கத்தில் உரிமம் நீக்கப்படும்வரை ஏறத்தாழ 6,50,000 டன் கல் வெளியேறியது. மீனவர்கள் தொடக்கத்திலேயே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். எடுத்த கல்லைக் கடலே மீண்டும் கொண்டுவந்து சேர்த்துவிடும் என்பது அதிகாரிகளின் நம்பிக்கை.

அங்கிருந்து ஒரு கூழாங்கல்லைக் கையில் எடுத்துப் பார்த்திருந்தாலே அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டிருக்கும். அக்கற்களில் பெரும்பாலானவை சிக்கிமுக்கிக் கற்கள். அவை சுண்ணப்பாறையில் உண்டாகிறவை. ஸ்டார்ட் முனைப் பகுதியின் பாறையோ முற்றிலும் வேறு. அது ஏடு ஏடாகப் பிளவுபடும் 'சிஸ்ட்' வகை உருமாறிய பாறை. அப்படியானால் சிக்கிமுக்கிக் கல் எங்கிருந்து வந்தது? கடந்த பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பனி உருகிக் கடல் உயர்ந்தபோது, அன்று வறண்டு கிடந்த கால்வாய்த் தரையின் கற்களை அலைகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தள்ளிவந்து கரையாகக் குவித்தன. அது முன்னோர் விட்டுச்சென்ற முதல் போன்றது. வட்டி வரும் கணக்கு அன்று. வாரிய குழியை நிரப்ப மேல்கரையின் கற்கள்தாம் சரிந்து இறங்கின. இப்படியாக ஊரின் முன்னே கரையின் மட்டம் சில இடங்களில் 12 அடிவரை தாழ்ந்துபோயிற்று.

இனிச் சிறிது கணக்குப் போடுவோம். அலை தன் உயரத்தைப்போல் சுமார் 1.3 மடங்கு ஆழமுள்ள நீருக்கு வந்ததும் உடைந்துவிடும். சுவரின் அடியில் நீரின் ஆழம் 1 மீட்டர் என்று கொள்வோம். முக்கால் மீட்டருக்குச் சற்று அதிகமான அலைதான் உடையாமல் சுவரை எட்ட முடியும். அதனினும் பெரியவை தொலைவிலேயே உடைந்து வலுவிழக்கும். கரை 3 மீட்டர் தாழ்ந்துவிட்டால் ஆழம் 4 மீட்டராகும். அப்போது 3 மீட்டர் உயரமுள்ள அலைகூட நேராக வந்து சுவரில் மோதும். அலையின் ஆற்றலோ உயரத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்தில் இருப்பது. உயரம் 4 மடங்கானால் ஆற்றல் 16 மடங்கு! கல்லை வாரியவர்கள் கடலின் ஆற்றலை ஒரு சிறிதும் கூட்டவில்லை. அது வந்து இறங்கும் இடத்தைத்தான் மாற்றினார்கள்.

1903-லேயே சில வீடுகள் விழுந்தன. பிறகு தடுப்புச் சுவர் எழுப்பினார்கள். தென்மேற்கிலிருந்து அடிக்கடி வீசும் காற்றுகளை ஸ்டார்ட் முனை மறைத்துவிடுவதால் ஊர் இன்னும் சில ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. கிழக்கே திறந்த கடல்; அத்திசைக்கு மறைப்பு ஏதும் இல்லை. 1917 ஜனவரி 26 அன்று கிழக்கிலிருந்து புயற்காற்று வீசியது. அமாவாசை கழிந்து 3 நாட்களே ஆகியிருந்தன. சூரியனும் சந்திரனும் சேர்ந்து இழுப்பதால் ஓதம் மிகுந்து உயரும் காலம் அது. உயர்ந்த நீரின்மேல் உயர்ந்த அலைகள் ஏறிவந்தன. வீடுகளின் அடியிலிருந்த கல்லும் மண்ணும் கரைந்தோடச் சுவர்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. மக்கள் சரிவின்மேல் ஏறித் தப்பினார்கள். ஓர் உயிரும் போகவில்லை என்பது வியப்பே. அவ்வாண்டு முடிவில் குடியிருக்கத் தகுந்ததாக ஒரே ஒரு வீடு எஞ்சியது. எலிசபெத் பிரெட்டிஜான் என்னும் பெண்மணி அதில் 1964-ல் தாம் இறக்கும்வரை வாழ்ந்தார்.

பிளிமத் பொறியாளர் ஆர். ஹான்ஸ்ஃபோர்ட் வொர்த் இக்கரையைப் பல ஆண்டுகள் அளந்து, கற்கள் திரும்பி வரவில்லை என்பதைக் காட்டினார். இன்றுவரையும் வரவில்லை. அதே வளைகுடாவில் வடக்கே ஸ்லாப்டன் என்ற இடத்திலும் இதே வகைக் கூழாங்கல் திட்டு உண்டு. அதன்மேல் செல்லும் சாலையைக் கிழக்குக் காற்று 2001-லும் 2018-லும் உடைத்தது.