அறிவுரை என்னும் ஆணை: வல்லரசின் வெளியுறவுக் கொள்கையும் உடன்படிக்கை மொழியும்

முன்னுரை

வலிமை மிக்க நாடொன்று வலிமை குறைந்த நாட்டைத் தன் விருப்பத்திற்கு இணங்கச் செய்வதற்குப் படையெடுப்பு ஒன்றே வழியன்று. படையெடுப்பு செலவு மிகுந்தது, எதிர்ப்பைத் தூண்டுவது, வெற்றிக்குப் பின் ஆட்சிப் பொறுப்பு முழுவதையும் சுமக்கும் நிலையை உண்டாக்குவது. ஆகவே, மெலிய நாட்டின் ஆட்சியமைப்பைப் பெயரளவில் விட்டுவைத்து, அதன் முடிவுகளை மட்டும் தம் கைக்குள் கொண்டுவரும் முறையை வல்லரசுகள் பல பின்பற்றியுள்ளன. அம்முறையின் முதன்மைக் கருவி உடன்படிக்கையாகும். உடன்படிக்கையில் இடம்பெறும் ஓரிரு சொற்களுக்குப் பொருள் வரையறுக்கும் உரிமை எவரிடம் உள்ளதோ அவரிடமே உண்மையான இறைமையும் சென்று சேர்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். 1874ஆம் ஆண்டின் பங்கோர் உடன்படிக்கையும் 1901ஆம் ஆண்டில் கியூபா ஏற்க நேர்ந்த பிளாட் திருத்தமும் இதற்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. முன்னது முடியாட்சிப் பேரரசு ஒன்றின் செயல். பின்னது, காலனியாட்சியை எதிர்த்துப் போராடி விடுதலை பெற்ற குடியரசு ஒன்றின் செயல். ஆட்சிக் கொள்கையால் வேறுபட்ட இவ்விரு அரசுகளும் ஒரே உத்தியைக் கையாண்டமை ஈண்டு நோக்கத்தக்கது.

பேராக்கும் ‘அறிவுரை’யும்

1871ஆம் ஆண்டு சுல்தான் அலி மறைந்தபின் பேராக்கில் அரசுரிமைப் பூசல் எழுந்தது. முடிக்குரியவரான ராஜா மூடா அப்துல்லாவை விடுத்து, இஸ்மாயிலைப் பெருந்தலைவர்கள் சுல்தானாக்கினர். அதே காலத்தில் லாருட் ஈயச் சுரங்கப் பகுதியில் கீ ஹின், ஹாய் சான் என்னும் இரு சீனக் குழுவினரிடையே நிகழ்ந்த மோதல்கள் பினாங்கு வணிகத்தையும் பாதித்தன. இந்நிலையில், அரியணையை விழைந்த அப்துல்லா, தம்மைச் சுல்தானாக ஏற்பின் பிரிட்டிஷ் அதிகாரி ஒருவரை ஏற்க இசைவதாக நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர் சர் ஆண்ட்ரூ கிளார்க்கிற்குத் தெரிவித்தார். அதன் விளைவாக 1874 ஜனவரி 20ஆம் நாள் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

இவ்வுடன்படிக்கை சுல்தானின் ஆட்சியை நீக்கவில்லை. ரெசிடெண்ட் எனப்படும் அதிகாரி ஒருவர் அமர்த்தப்படுவார். மலாய்ச் சமயமும் வழக்கமும் நீங்கலாக அனைத்திலும் அவரது அறிவுரை கேட்கப்பட வேண்டும், அதன்படி நடக்கவும் வேண்டும் என்பதே அதன் சாரம். தமிழிலும் சரி, பிற மொழிகளிலும் சரி, அறிவுரை என்பது கேட்பவர் ஏற்கவும் மறுக்கவும் இடம் தருவது. மறுக்கும் உரிமை நீங்கியபின் அஃது ஆணையே ஆகும். எனினும், ஆணை என்னும் சொல் ஆளப்பட்டிருப்பின் பேராக் தன் இறைமையை இழந்தது வெளிப்படையாகியிருக்கும். அறிவுரை என்னும் சொல் அவ்விழப்பை மறைத்து நின்றது.

‘வழக்கம்’ என்னும் சொல்லும் இத்தகையதே. ஆற்று வழிகளில் வரி தண்டுவதும் கடனடிமைகளை வைத்திருப்பதும் வழிவழி வந்த வழக்கம் எனத் தலைவர்கள் கருதினர். முதல் ரெசிடெண்ட் ஜே. டபிள்யூ. டபிள்யூ. பர்ச் அவற்றை நிருவாகத்தின்பாற்பட்டவையாகக் கொண்டு தலையிட்டார். வரி தண்டுதலும் பொது நிருவாகமும் ரெசிடெண்டின் அறிவுரைப்படியே நடைபெற வேண்டும் என உடன்படிக்கையின் மற்றொரு கூறு உரைத்தமையால், வழக்கத்தின் எல்லையை வகுக்கும் அதிகாரம் நடைமுறையில் பர்ச்சின் கைக்கே சென்றது. 1875 நவம்பர் 2ஆம் நாள் பாசிர் சாலாக்கில் அவர் கொல்லப்பட்டார். தொடர்ந்து பிரிட்டிஷ் படை பேராக்கினுள் நுழைந்தது. தாமே அழைப்பு விடுத்த அப்துல்லா 1877இல் சீஷெல்ஸ் தீவுகளுக்கு நாடு கடத்தப்பட்டார். பின்னர் வந்த ஹியூ லோ, சுல்தானும் தலைவர்களும் இடம்பெற்ற அரசவை வழியாக நயமாகச் செயல்பட்டார். அணுகுமுறை மாறியதேயன்றி அதிகாரம் இடம் மாறவில்லை.

கியூபாவும் ‘விடுதலையைப் பேணுதலும்’

1898இல் ஸ்பெயினுக்கு எதிராகப் போர் தொடுத்த அமெரிக்கா, கியூபாவின்மீது இறைமை செலுத்தும் எண்ணம் தனக்கில்லை எனத் தன் நாடாளுமன்றத் தீர்மானத்திலேயே அறிவித்திருந்தது. ஆயினும், போரை முடித்த பாரிஸ் உடன்படிக்கைப் பேச்சில் கியூபாவினருக்கு இடம் தரப்படவில்லை. 1899 தொடங்கிக் கியூபா அமெரிக்கப் படையாட்சியின்கீழ் இருந்தது. இறைமை கொள்வதில்லை என்ற வாக்குறுதியை வெளிப்படையாக மீறாமல் பிடியைத் தக்கவைக்கும் வழியாகவே 1901 மார்ச்சில் பிளாட் திருத்தம் நிறைவேற்றப்பட்டது. அதன் மூன்றாம் கூறு, கியூபாவின் விடுதலையைக் காக்கவும் உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பளிக்கவல்ல அரசைப் பேணவும் தலையிடும் உரிமையை அமெரிக்காவுக்கு வழங்கியது. ஏழாம் கூறு, அதே விடுதலையைப் பேணுதற்பொருட்டுக் கடற்படைத் தளங்களுக்கு நிலம் தர வேண்டும் என்றது.

இத்திருத்தத்தைத் தம் அரசமைப்பில் சேர்த்தாலன்றிப் படைகள் விலகா என்பது கியூபாவினருக்கு உணர்த்தப்பட்டது. அரசமைப்புப் பேரவை முதலில் தன் விளக்கங்களையும் இணைத்துத் திருத்தத்தை ஏற்றது. தலையீடு எப்போது, எந்த அளவிற்கு என்பதற்கு எல்லை காணும் முயற்சி அது. வாஷிங்டன் அவ்விளக்கங்களை ஏற்க மறுத்தது. முடிவில், 1901 ஜூன் 12ஆம் நாள் 16க்கு 11 என்னும் வாக்குக் கணக்கில் பேரவை திருத்தத்தை உள்ளவாறே ஏற்றது. திருத்தத்தின் வாசகத்தை ஏற்பது மட்டும் போதாது, அதன் பொருளை வரையறுக்கும் உரிமையையும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதே இங்கு வற்புறுத்தப்பட்டது.

இதன் பயன் விரைவிலேயே புலப்பட்டது. 1905ஆம் ஆண்டுத் தேர்தலையொட்டி எழுந்த கிளர்ச்சியை அடக்க இயலாத அதிபர் எஸ்திராடா பால்மா, தாமே அமெரிக்கத் தலையீட்டை வேண்டிப் பதவி விலகினார். 1906 முதல் 1909 வரை கியூபா மீண்டும் அமெரிக்க ஆட்சியின்கீழ் வந்தது. அப்துல்லாவைப் போன்றே இவரும் உள்நாட்டுப் பகையை வெல்ல வெளிவலிமையை நாடியவர். வல்லரசின் செல்வாக்கு பல வேளைகளில் உள்ளிருந்து திறக்கப்படும் கதவின் வழியாகவே நுழைகிறது.

1933இல் பதவியேற்ற கிராவ் சான் மார்ட்டின் அரசு திருத்தம் செல்லாதென அறிவித்தது. அவ்வரசை அமெரிக்கா அங்கீகரிக்கவில்லை. அது வீழ்ந்தபின், 1934இல் புதிய உடன்படிக்கை வாயிலாகவே பிளாட் திருத்தம் நீக்கப்பட்டது. அப்போதும் குவாந்தானமோ தளத்தின் குத்தகை மட்டும் எஞ்சியது. இருதரப்பும் இசைந்தாலோ அமெரிக்கா தானே விட்டு விலகினாலோ அன்றி அது முடிவுறாது என எழுதப்பட்டது. 1959ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் கியூப அரசு அக்குத்தகையைச் செல்லாதது என மறுத்துவரினும் தளம் இன்றளவும் அமெரிக்காவிடமே உள்ளது.

முடிவுரை

மேற்கண்ட இரு நிகழ்வுகளிலும் மெலியோர் கையெழுத்திட்ட சொற்கள் இனியவை: அறிவுரை, பாதுகாப்பு, விடுதலை. அச்சொற்களின் அகராதிப் பொருளை நம்பியவர்கள் ஏமாற்றமடைந்தனர். ஆகவே, நாடுகளுக்கிடையிலான உடன்படிக்கை ஒன்றைப் பயில்வோர் அதில் கூறப்படுவது யாது என்பதோடு அமையாது, கருத்து வேறுபாடு தோன்றும்போது சொல்லுக்குப் பொருள் உரைப்பவர் யார், மெலிய தரப்பு அதிலிருந்து விலக வழியுண்டா என்னும் இரு வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். கடனுதவி, வணிகம், படைத்தளம் ஆகியவை குறித்து இன்று எழுதப்படும் ஒப்பந்தங்களுக்கும் இவ்வினாக்கள் பொருந்தும்.

இப்பணியில் மொழியாசிரியர்க்கும் பங்குண்டு. பங்கோர் உடன்படிக்கை நம் மாணவர்க்கு ஆண்டும் பெயரும் கொண்ட தேர்வுச் செய்தியாகவே பெரிதும் அறிமுகமாகிறது. அதனை ஒரு பனுவலாக வாசித்து, ‘அறிவுரை’ என்னும் ஒரு சொல் எவ்வாறு ஆணையாயிற்று என ஆராயச் செய்யின், சொற்பொருள் வகுப்பறைக்கு அப்பாலும் மக்களின் வாழ்வைத் தீர்மானிப்பது என்பதை அவர்கள் உணர்வர்.