கடைச் சரக்கும் கணினியின் உரையும்



சந்தையிலே பனங்கட்டி வாங்கச் செல்பவர் குட்டானைக் கையிலெடுத்து நிறை பார்ப்பார். ஓலையை விலக்கி நிறம் பார்ப்பார். வேண்டுமாயின் ஒரு துண்டை வாயிலிட்டுஞ் சுவை பார்ப்பார். விற்பவர் வாய் திறவாவிடினும் பொருள் தன்னைத் தானே எடுத்துரைக்கும். இணையக் கடையிலோ ஒரு படமும் அதன்கீழ்ச் சில வரிகளுமே உள. வாங்குவோரின் கைக்கும் நாவுக்கும் பதிலாக நிற்பவை அவ்வரிகளே. அவற்றை எழுதும் பணியை இக்காலத்திற் பலர் செயற்கை நுண்ணறிவிடம் ஒப்படைக்கின்றனர். அதனிடம் வேலை வாங்கும் முறை யாது என்பதே இப்பேச்சின் பொருள்.

முதற்கண் அக்கருவியின் இயல்பை அறிதல் வேண்டும். 2022ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் சாட்ஜிபிடி வெளிவந்ததன் பின்னர் இவ்வகைக் கருவிகள் பொதுமக்கள் கைக்கு எட்டின. பெருந்தொகையான நூல்களையும் கட்டுரைகளையும் பயின்று, ஒரு சொல்லின் பின் எச்சொல் வருதல் இயல்பு எனக் கணித்துச் சொற்றொடரை வளர்ப்பதே இவற்றின் தொழில். அவை பனங்கட்டியைச் சுவைத்ததில்லை. உங்கள் அடுப்படியைக் கண்டதுமில்லை. நாம் அவற்றுக்கு இடும் கட்டளையை ஆங்கிலத்தார் 'பிராம்ப்ட்' என்பர். நாம் பணிப்புரை என்போம். பணிப்புரையிற் செய்தி குறையுமிடத்தைக் கருவி பொதுச் சொற்களால் நிரப்பும். சிலவேளை இல்லாததையும் உள்ளதுபோற் கூறும்.

'பனங்கட்டிக்கு ஒரு விளம்பரம் எழுதுக' என்று மட்டும் பணித்தால் யாது விளையும்? 'இயற்கையின் அருங்கொடை', 'ஒப்பற்ற சுவை' என்பன போன்ற சொற்கள் வந்து விழும். தேனுக்கும் தேயிலைக்கும் ஒருங்கே பொருந்தும் சொற்கள் பனங்கட்டியைப் பற்றி ஒன்றுஞ் சொல்லவில்லை அன்றோ? இதனினும் கேடானது ஒன்றுண்டு. 'நீரிழிவு உடையோரும் அச்சமின்றி உண்ணலாம்' என்றொரு வரி இடையே நுழைந்துவிடலாம். பனங்கட்டியின் பெரும்பகுதி சுக்குரோசு. சீனியில் உள்ளதும் அதுவே. அவ்வரியை நம்பி உண்டவருக்குத் தீங்கு நேருமாயின், அப்பழி கணினியைச் சேராது; விற்றவரையே சேரும்.

ஆதலின் பணிப்புரையில் ஐந்து கூறுகள் அமைதல் நன்று. முதலாவது, பொருளின் உண்மை விவரம். இரண்டாவது, வாங்குபவர் யார் என்பது. மூன்றாவது, உரையின் நீளமும் அமைப்பும். நான்காவது, நடை. ஐந்தாவது, சொல்லக்கூடாதவை. இவ்வைந்தும் சேர்ந்த பணிப்புரை ஒன்றைக் கேளுங்கள்:

'பனங்கட்டி, சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்கிய கருப்பநீரைக் காய்ச்சி, ஓலைக் குட்டானில் வார்த்தது, நிறை 250 கிராம், சீனி கலக்கப்படவில்லை, ஈரம் படாது வைத்தல் வேண்டும். வாங்குபவர் வெளிநாட்டில் வாழும் தமிழர். அறுபது சொற்களுக்குள், எளிய தமிழில், இரு பந்தியாக எழுதுக. மருத்துவப் பயன் எதுவும் கூறாதே. நான் தராத விவரம் எதையும் சேர்க்காதே; ஐயம் இருப்பின் என்னிடம் கேள்.'

இப்போது கருவிக்குக் கற்பனை செய்யும் இடம் சுருங்கிவிட்டது. குட்டானும் கருப்பநீரும் உரையில் இடம்பெறும். வாங்குபவர் தம் ஊரை நினைவுகூர்வர்.

பணிப்புரையை ஆளுக்கேற்ப மாற்றுதலும் வேண்டும். அதே பனங்கட்டியைக் கொழும்பிலுள்ள இனிப்புப் பண்டக் கடைக்காரர் மொத்தமாக வாங்குவாராயின், அவருக்கு ஊர் நினைவு வேண்டுவதில்லை. எத்தனை கிலோ கிடைக்கும், எத்தனை நாள் கெடாதிருக்கும், எவ்வாறு பொதி செய்யப்படும் என்பனவே வேண்டும். கடகம், சுளகு போன்ற கைப்பணிப் பொருள்களுக்கு அளவும், ஓலையின் தன்மையும், சாயம் இடப்பட்டதா என்பதும் இன்றியமையாதவை. எனவே பெயர், அளவு, செய்முறை, வாங்குபவர், தவிர்க்க வேண்டியவை என வெற்றிடம் விட்ட ஒரு படிவத்தை எழுதிவைத்து, பொருள்தோறும் நிரப்பிக்கொள்ளுதல் எளிது. நீங்களே முன்னர் எழுதிய நல்ல உரைகள் இரண்டினை மாதிரியாகச் சேர்த்தால், கருவி உங்கள் கடையின் குரலைப் பின்பற்றத் தொடங்கும்.

இத்தனையும் செய்த பின்னும் ஒரு வேலை எஞ்சியுள்ளது. 'சேர்க்காதே' என்று பணித்தாலும் கருவி சிலவேளை சேர்த்துவிடும். ஆகவே வந்த உரையை வரிவரியாக வாசித்து, ஒவ்வொரு வரிக்கும் 'இதை நான் கொடுத்தேனா?' என்று வினவுங்கள். கொடாததாயின் நீக்கிவிடுங்கள். எண்களையும் நிறையையும் இருமுறை பாருங்கள். தமிழ் பிசகியிருப்பின் உரத்து வாசித்தாற் காதே காட்டித்தரும். நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், பொருளைப்பற்றிப் பொய்யாக எடுத்துரைத்தலைத் தடுத்துள்ளது. 'கணினி எழுதியது' என்பது அதற்கு விடையாகாது.

நேயர்களே, சிறு வாணிபர்க்குப் பெரிய முதலில்லை. அவரிடம் உள்ள முதல் நம்பிக்கை ஒன்றே. முகமறியாத ஒருவர் தொலைவிலிருந்து பணம் அனுப்பிப் பொதியைப் பிரிக்கும்போது, வாசித்த வரியும் கையிலுள்ள பொருளும் ஒத்திருத்தல் வேண்டும். ஒத்திருந்தால் அவர் மறுமுறையும் வருவார். சொல்லை அடுக்கக் கணினி உதவும். சொல்லுக்குப் பொறுப்பு நாமே.