மேடைப் பாட்டு தளர்ந்தது எதனால்?

ஒரு பாட்டு முறை போய் மற்றொன்று வரும்போதெல்லாம் 'மக்களின் சுவை கெட்டுவிட்டது' என்னும் குறை எழுவது வழக்கம். சுவை மாறுவது உண்மையே. ஆயினும் அது தானாக மாறுவதில்லை. பாட்டு எவ்விடத்தில், எக்கருவியின் துணையால், எத்துணை நேரம் கேட்கப்படுகிறது என்பவை மாறும்போதே சுவையும் மாறுகிறது. தமிழ் நாடகமேடைப் பாட்டின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) யாத்த நாடகங்கள் பாட்டாலேயே நடந்தவை. இரவில் தொடங்கினால் விடியும்வரை நீளும். அந்நாளில் ஒலிபெருக்கி இல்லை. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்தவனுக்கும் சொல் கேட்கவேண்டுமெனின் உச்ச ஸ்தாயியில் பாடியே தீரவேண்டும். ஆர்மோனியம் அதற்குத் துணைநின்றது. எஸ்.ஜி. கிட்டப்பாவின் (1906–1933) குரலை இயற்கையின் கொடை என்று போற்றுகிறோம். கொடைதான், ஆனால் கொட்டகையின் தேவையும் அதுவே. அவையோர் 'ஒன்ஸ்மோர்' என்று முழங்கினால் பாட்டு மீண்டும் தொடங்கும். கதை காத்து நிற்கும்.

இசைத்தட்டு வந்ததும் முதல் மாற்றம் நேர்ந்தது. அதன் ஒரு பக்கம் ஏறத்தாழ 3 நிமிடமே ஓடும். விரிந்த ஆலாபனைக்கு அங்கே இடமில்லை.

1931-இல் 'காளிதாஸ்' வெளிவந்தது. தொடக்கத்தில் பேசும்படம் மேடையை அழிக்கவில்லை. மேடையையே படம்பிடித்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். 1934-இல் வந்த 'பவளக்கொடி'யில் ஏறத்தாழ 50 பாடல்கள் இருந்தன. மேடையில் நடித்த எம்.கே. தியாகராஜ பாகவதரே திரையிலும் நடித்தார். 1935-இல் 'நந்தனார்' படத்திற்காக கே.பி. சுந்தராம்பாள் இலட்ச ரூபாய் ஊதியம் பெற்றார். நடிப்பவரே பாடவேண்டியிருந்தவரை மேடைக் குரலுக்கு இத்துணை விலை இருந்தது.

அவ்விலையைக் குறைத்தது பின்னணிப் பாடல் முறை. குரல் ஒருவருடையது, முகம் மற்றொருவருடையது என்றானபின், பாடத்தெரிந்த நடிகரைத் தேடவேண்டிய தேவை ஒழிந்தது. ஒலிவாங்கியோ மெல்லிய குரலையும் முணுமுணுப்பையும் தெளிவாகப் பற்றிக்கொள்வது. அதன்முன் உச்ச ஸ்தாயி வேண்டாத முயற்சியாயிற்று.

பாகவதரின் சிறைவாசமே அக்காலத்தை முடித்தது என்பாருமுளர். 1944-இல் கைதான அவர் 1947-இல் விடுதலையானார். பின்னர் வந்த படங்கள் முன்போல் ஓடவில்லை. இது பாதிக் காரணமே என்பது நம் கருத்து. 'பராசக்தி' (1952) போன்ற படங்களில் வசனம் பெற்ற கைதட்டலை நோக்கின், கதையை நடத்தும் பொறுப்பு பாட்டின் கையிலிருந்து உரைநடையின் கைக்குப் போய்விட்டது விளங்கும். வழக்கு நிகழாதிருந்தாலும் பாட்டின் எண்ணிக்கை குறைந்தே இருக்கும்.

இழப்பு ஏதும் இல்லை என்று நாம் சொல்லவரவில்லை. 'வள்ளி திருமண'த்தில் இரு நடிகர் பாட்டாலேயே தர்க்கம் புரிந்து, எதிராளியின் சொல்லை அங்கேயே மடக்கும் திறம் ஒலிப்பதிவில் அடங்குவதன்று. பதிவில் எதிர்பாராதது ஒன்றுமில்லை. நேரில் அமர்ந்து கேட்டாலன்றி அதன் சுவை புலப்படாது.

மதுரை, புதுக்கோட்டை வட்டாரக் கோயில் திருவிழாக்களில் 'ஸ்பெஷல் நாடகம்' என்னும் பெயரில் அக்கலை இன்றும் நடைபெறுகிறது. ஆர்மோனியம் இருக்கிறது, கூடவே ஒலிபெருக்கியும் இருக்கிறது. ஒருகாலத்தில் திரைக்குப் பாட்டு ஈந்த மேடை, இப்போது நடுநடுவே திரைப்பாட்டின் மெட்டைக் கடன்வாங்கிப் பாடுகிறது. கூட்டமும் அதற்குக் கைதட்டுகிறது.