ஒரு ஆயாவுக்கு இரண்டு கைகள்: குழந்தைகள் காப்பகங்களில் அவசர வெளியேற்றத் திட்டம் ஏன் தேவை?

காலையில் பிள்ளையைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போகும் பெற்றோர், மாலையில் திரும்ப அழைக்க வரும்போது கேட்கும் கேள்விகள் நமக்குத் தெரியும். சாப்பிட்டானா? தூங்கினானா? அழுதானா? இவை தேவையான கேள்விகளே. ஆனால், "இங்கே திடீரென்று தீப்பிடித்தால் பிள்ளைகளை எப்படி வெளியே கொண்டு வருவீர்கள்?" என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. யாரும் கேட்காததால் பல காப்பகங்களில் அதற்கான பதிலும் இல்லை.

இன்று தாய், தந்தை இருவருமே வேலைக்குப் போகும் குடும்பங்கள் பெருகிவிட்டன. 50 அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் விதித்தது. இவை தவிர, வீட்டின் முன்கூடத்திலும் வாடகை மாடியிலும் கடைகளுக்கு மேலேயும் நடக்கும் சிறு காப்பகங்கள் ஏராளம். குடியிருக்கக் கட்டிய வீட்டில் இருபது குழந்தைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும்போது, அந்த வீட்டின் ஒற்றை வாசலும் குறுகிய படிக்கட்டும் உயிர்ப் பிரச்சினையாக மாறிவிடுகின்றன.

நடந்தவை சொல்லும் பாடங்கள்

கும்பகோணத்தை நாம் மறந்திருக்க முடியாது. 2004 ஜூலை 16 அன்று அங்குள்ள ஒரு பள்ளியில், சமையல் கூடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் இறந்தனர். பிள்ளைகள் நெருக்கியடித்து அமர்ந்திருந்ததும், வெளியேறும் வழி குறுகலாக இருந்ததும் உயிரிழப்பைப் பெருக்கின. அதன் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. கூரை மாறியது, வெளியேறும் வழி எல்லா இடத்திலும் மாறியதா என்பதே கேள்வி.

2009 ஜூன் 5 அன்று மெக்சிகோவின் ஹெர்மோசில்லோ நகரில், கிடங்காக இருந்து மாற்றப்பட்ட கட்டடத்தில் இயங்கிய காப்பகத்தில் 49 குழந்தைகள் இறந்தனர். தீ தொடங்கியது காப்பகத்தில் அல்ல. ஒட்டியிருந்த பக்கத்துக் கிடங்கில். அவசர வழி பயன்படும் நிலையில் இல்லை. ஒருவர் தன் வண்டியால் சுவரை மோதி உடைத்துத்தான் உள்ளே வழி ஏற்படுத்த வேண்டியிருந்தது.

வளைகுடாவில் வாழும் நம்மவர்களுக்கு 2012 மே 28 நினைவிருக்கும். கத்தாரின் தோஹாவில் வில்லாஜியோ வணிக வளாகத்தில் பிடித்த தீயில் 19 பேர் இறந்தனர். அவர்களில் 13 பேர் வளாகத்தின் மேல்தளத்தில் இருந்த மழலையர் காப்பகக் குழந்தைகள், 4 பேர் அவர்களுடைய ஆசிரியைகள், 2 பேர் மீட்கப் போன தீயணைப்பு வீரர்கள். மீட்புப் படையினர் கூரையை உடைத்துக் குழந்தைகளை நெருங்க வேண்டியதாயிற்று. ஆடம்பரமான கட்டடம், குளிரூட்டி, அழகிய பொம்மைகள் எல்லாம் இருந்தும் வெளியேற வழியில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி.

இம்மூன்றிலும் பொதுவாக நாம் பார்ப்பது ஒன்று. தீ எங்கே, எதனால் பிடித்தது என்பது வேறு வேறு. ஆனால் குழந்தைகளை வெளியே எடுக்கும் வழி மூன்று இடங்களிலும் போதாமல் போனது.

கைகளை எண்ணிப் பார்ப்போம்

பள்ளிக்கூடத்துக்கான திட்டத்தை அப்படியே காப்பகத்துக்குப் பொருத்த முடியாது. பள்ளியில் மணி அடித்தால் பிள்ளைகள் வரிசையில் நடந்து வருவார்கள். காப்பகத்தில் பாதிப் பேருக்கு நடக்கத் தெரியாது. நடக்கத் தெரிந்தவர்களுக்கும் சத்தம் கேட்டால் ஓடத் தெரியாது. கட்டிலுக்கு அடியிலோ கதவுக்குப் பின்னாலோ போய் ஒளிந்துகொள்வார்கள்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு காப்பகத்தில் 18 குழந்தைகள். ஐந்து பேர் கைக்குழந்தைகள், ஏழு பேர் தத்தித் தத்தி நடப்பவர்கள், ஆறு பேர் மூன்று வயதைத் தாண்டியவர்கள். பார்த்துக்கொள்ள ஓர் ஆசிரியை, இரண்டு ஆயாக்கள். ஒருவர் இரண்டு கைக்குழந்தைகளைத் தூக்கினால் அவரால் கதவைக்கூடத் திறக்க முடியாது. ஐந்து குழந்தைகளைத் தூக்கவே மூவரும் வேண்டும். மீதி 13 குழந்தைகளை யார் கூட்டிப் போவது?

இதற்கு வழி உண்டு. உறுதியான சக்கரங்கள் வைத்த பெரிய தொட்டிலில் நான்கைந்து கைக்குழந்தைகளை ஒன்றாகக் கிடத்தி ஒருவரே தள்ளிச் செல்லலாம். நடக்கும் பிள்ளைகளுக்கு, பிடித்துக்கொள்ள வளையங்கள் கட்டிய நீளக் கயிறு போதும். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். இப்படிச் செய்தால் அதே மூன்று பேரால் 18 குழந்தைகளையும் வெளியே கொண்டுவர முடியும்.

ஆனால் இதற்கு மூன்று நிபந்தனைகள் இருக்கின்றன. முதலாவது, அந்தத் தொட்டில் வாசல் வழியாகப் போகிறதா என்று அளந்து பார்த்திருக்க வேண்டும். வாசற்படியில் சரிவுப் பலகை வேண்டும். இரண்டாவது, கைக்குழந்தைகள் தரைத்தளத்தில் இருக்க வேண்டும். மாடியில் இருந்தால் சக்கரத் தொட்டிலால் பயனில்லை. மூன்றாவது, மூன்று பேரும் அந்த நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். மதியம் ஓர் ஆயா சாப்பிடப் போயிருந்தாலோ, ஆசிரியை வங்கிக்குப் போயிருந்தாலோ கணக்கு உடைந்துவிடும். அதுவும் மதியம்தான் குழந்தைகள் எல்லாரும் தூங்கும் நேரம்.

எனவே அதிகபட்ச ஆட்களை வைத்து அல்ல, மிகக் குறைந்த ஆட்கள் இருக்கும் நேரத்தை வைத்தே திட்டம் போட வேண்டும். அந்த நேரத்துக்குப் பக்கத்து வீட்டார் ஒருவர், எதிர்க் கடைக்காரர் ஒருவர் என்று நம்பகமானவர்களிடம் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். மணிச் சத்தம் கேட்டதும் ஓடி வர வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வழி இரண்டாக இருக்கட்டும்

வெளியேறும் வழி குறைந்தது இரண்டு வேண்டும். அவை எதிரெதிர்த் திசைகளில் இருப்பது நல்லது. சமையலறையைக் கடந்துதான் பின்வாசலுக்குப் போக வேண்டும் என்றால், சமையலறையில் தீப்பிடிக்கும்போது அந்த வழி வழியல்ல. குழந்தைகள் தெருவுக்கு ஓடிவிடக் கூடாதே என்று வாசலைப் பூட்டுவது இயல்புதான். ஆனால் சாவி ஒருவருடைய இடுப்பில் இருக்கக் கூடாது. குழந்தைக்கு எட்டாத உயரத்தில், பெரியவர் ஒரே இழுப்பில் திறக்கும் தாழ்ப்பாள் போதும். ஜன்னல் கம்பிகளில் ஒன்றையாவது உள்ளிருந்து திறக்கும்படி அமைக்கலாம்.

பின்வாசலில் பழைய நாற்காலிகளும் தண்ணீர்க் கேன்களும் அடுக்கி வைத்திருப்பதைப் பல இடங்களில் பார்க்கிறோம். தினமும் காலையில் காப்பகத்தைத் திறக்கும்போதே இரண்டு வழிகளையும் திறந்து பார்த்துவிடும் பழக்கம் வேண்டும். ஒரு நிமிட வேலைதான்.

தீயில் உயிர்களை அதிகம் பறிப்பது புகை. சூடான புகை மேலே எழும். தரையோரம் காற்று ஓரளவு நன்றாக இருக்கும். அதனால் பெரிய பிள்ளைகளுக்குத் தவழ்ந்து போகும் விளையாட்டைக் கற்றுக்கொடுக்கலாம். மூடிய கதவைத் திறக்கும் முன் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் அந்த வழியைத் திறக்கக் கூடாது. ஒவ்வோர் அறையிலும் கடைசியாக வருபவர், யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு கதவைச் சாத்திவிட்டு வர வேண்டும். மூடிய கதவு புகையையும் தீயையும் சற்று நேரம் தடுத்து நிறுத்தும். மின்தூக்கியைப் பயன்படுத்தவே கூடாது.

சமையல் எரிவாயு கசிந்தால் நிலைமை வேறு. அந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோரமாகத் தேங்கும். அப்போது தவழ விடக் கூடாது. விளக்குச் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. கதவு, ஜன்னல்களைத் திறந்துகொண்டு குழந்தைகளை உடனே தூக்கி வெளியேற வேண்டும்.

எல்லா ஆபத்துக்கும் ஓடுவது தீர்வல்ல. நிலநடுக்கத்தின்போது ஆட்டம் நிற்கும்வரை உறுதியான மேசைக்கு அடியில் தலையைக் காத்துக்கொண்டு இருந்துவிட்டு, பிறகு வெளியேற வேண்டும். வெள்ளத்தில் தண்ணீர் வாசலுக்கு வந்த பிறகு கிளம்புவது ஆபத்து. எச்சரிக்கை வந்ததுமே பெற்றோரை அழைத்துவிட வேண்டும்.

எங்கே போவது? யாரிடம் ஒப்படைப்பது?

ஜப்பானில் 2011 மார்ச் 11 சுனாமியின்போது ஒக்காவா தொடக்கப் பள்ளியில் 74 மாணவர்களும் 10 ஆசிரியர்களும் பலியாயினர். நிலநடுக்கம் முடிந்து தண்ணீர் வரும்வரை சுமார் 50 நிமிடம் அவகாசம் இருந்தது. எங்கே போவது என்று முடிவெடுக்க முடியாமல் பெரும்பகுதி நேரம் மைதானத்திலேயே கழிந்தது. பள்ளியின் கையேட்டில் 'அருகிலுள்ள காலி இடம் அல்லது பூங்கா' என்று பொதுவாக எழுதியிருந்தார்கள். எந்த இடம் என்று குறிப்பிடவில்லை. முன்கூட்டிய தயாரிப்பில் தவறு நடந்தது என்று செண்டாய் உயர் நீதிமன்றம் 2018இல் சொன்னது; மறு ஆண்டு உச்ச நீதிமன்றத்திலும் அது நிலைத்தது.

ஆகவே கூடும் இடத்தைப் பெயர் சொல்லிக் குறிக்க வேண்டும். முதலாவது, தெருவைக் கடக்காமல் போகக்கூடிய அருகிலுள்ள திறந்தவெளி. இரண்டாவது, மழையிலும் வெயிலிலும் குழந்தைகளைச் சில மணி நேரம் வைத்திருக்கக்கூடிய கட்டடம். நம் ஊர்களில் திருமண மண்டபமோ பள்ளிவாசல் வளாகமோ பெரும்பாலும் நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. நிர்வாகத்தினரிடம் முன்பே பேசி, சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம்.

வாசலுக்கு அருகே ஒரு பை தொங்க வேண்டும். அதில் அன்றைய வருகைப் பதிவேடு, பெற்றோர் கைப்பேசி எண்கள் எழுதிய தாள், முதலுதவிப் பொருட்கள், டார்ச் விளக்கு, தண்ணீர், சில டயப்பர்கள், குழந்தைக்குத் தேவையான அவசர மருந்துகள் இருக்கட்டும். எண்கள் கைப்பேசியில் மட்டும் இருந்தால் போதாது. கைப்பேசி உள்ளேயே மாட்டிக்கொள்ளலாம்.

வெளியே வந்ததும் முதல் வேலை, பெயர் சொல்லி எண்ணுவது. 18 பேர் வந்திருக்க வேண்டிய இடத்தில் 17 பேர் இருந்தால், யார் இல்லை, எந்த அறையில் இருந்திருப்பார் என்று தீயணைப்பு வீரர்களிடம் உடனே சொல்ல முடிய வேண்டும். இடையில் அழைத்துச் செல்லப்பட்ட குழந்தையின் பெயருக்கு எதிரே நேரம் குறிக்காவிட்டால், இல்லாத குழந்தையைத் தேடி ஒருவர் தீக்குள் போவார். குழந்தைகளை எண்ணுவதும் 101 அல்லது 112க்கு அழைப்பதும் வெவ்வேறு ஆட்களின் பொறுப்பாக இருக்க வேண்டும்.

ஒத்திகை இல்லாத திட்டம் வெறும் தாள்

ஜப்பானில் காப்பகங்கள் உள்ளிட்ட குழந்தைகள் நல நிலையங்கள் மாதம் ஒருமுறையாவது வெளியேற்ற ஒத்திகையும் தீயணைப்பு ஒத்திகையும் நடத்த வேண்டும் என்பது அரசு விதி. நாமும் அதைப் பின்பற்றலாம். முதல் மாதம் விளையாடும் நேரத்தில், அடுத்த மாதம் சாப்பாட்டு நேரத்தில், அதற்கடுத்த மாதம் தூங்கும் நேரத்தில் என்று மாற்றி மாற்றி நடத்த வேண்டும். ஒரு வழியை அடைத்துவிட்டு மற்ற வழியில் போய்ப் பார்க்க வேண்டும். எத்தனை நிமிடம் ஆயிற்று என்று குறித்துக்கொள்ள வேண்டும். குழந்தைகளைப் பயமுறுத்தத் தேவையில்லை. கயிற்றைப் பிடித்து ரயில் ஓட்டும் விளையாட்டாகவே இதைப் பழக்கிவிடலாம். தீயணைப்பானைத் தூக்கவும் அதன் ஊசியை உருவவும் எல்லாப் பணியாளரும் ஒருமுறையாவது பழகியிருக்க வேண்டும். ஆனால் குழந்தைகள் வெளியேறுவதே முதல் வேலை. தீயை அணைப்பது அதன் பிறகுதான்.

பெற்றோருக்கும் பங்கு உண்டு

செய்தி கேட்டதும் எல்லாப் பெற்றோரும் வண்டியில் விரைந்து வந்து வாசலில் நின்றால், தீயணைப்பு வண்டி தெருவுக்குள் நுழைய முடியாது. எந்த இடத்துக்கு வர வேண்டும் என்பதை முன்பே தெரிந்து வைத்திருந்து நேராக அங்கே போக வேண்டும். பிள்ளையைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடாமல், பதிவேட்டில் கையெழுத்திட்டே அழைத்துச் செல்ல வேண்டும். நாம் வர முடியாவிட்டால் யாரிடம் ஒப்படைக்கலாம் என்பதை எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கைப்பேசி எண் மாறினால் அன்றே சொல்ல வேண்டும்.

கட்டணம் குறைவான சிறு காப்பகங்களால் இதெல்லாம் முடியுமா என்று சிலர் கேட்கலாம். கயிறு, பை, எழுதிய தாள், தாழ்ப்பாள், மாதம் பத்து நிமிடம்: இவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை. சக்கரத் தொட்டிலை உள்ளூர் பட்டறையிலேயே செய்யலாம். பெற்றோர் சேர்ந்து அதற்குப் பங்களிக்கலாம்.

நாளை காலை பிள்ளையை விடும்போது நான்கு கேள்விகளை மட்டும் கேட்போம். இரண்டாவது வழி எங்கே? அது இப்போது திறக்கிறதா? மதிய நேரத்தில் எத்தனை பேர் இருப்பீர்கள்? கடைசியாக எப்போது ஒத்திகை நடத்தினீர்கள்? கோபத்தோடு அல்ல, அக்கறையோடு கேட்போம். பதில் இல்லையென்றால் குறை சொல்லிவிட்டுப் போகாமல், ஒரு விடுமுறை நாளில் மற்றப் பெற்றோரையும் கூட்டிக்கொண்டு வந்து, வாசலை அளப்பதில் தொடங்கி அந்தத் திட்டத்தை அவர்களோடு சேர்ந்து எழுதிக் கொடுப்போம்.