கணுக்கால் அளவு வெள்ளம்

அமெரிக்காவில் பிக்கப் வண்டியின் பின்னால் கோத்து இழுத்துக்கொண்டு போகிற வீட்டுக்கு டிராவல் டிரெய்லர் என்று பெயர். இருபது, இருபத்தைந்து அடி நீளத்துக்குள் கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை, குளியலறை எல்லாம் அடக்கம். இந்த வண்டிகளில் பெரும்பகுதி இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத்தில்தான் தயாராகிறது. திருப்பூருக்குப் பனியன் மாதிரி அந்த ஊருக்கு டிரெய்லர்.

குளியலறை என்று சொன்னாலும், உள்ளே நின்று முழங்கையை மடக்க இடம் இருந்தாலே பெரிது. காலடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதற்கு நான்கைந்து விரற்கடை உயரத்தில் ஒரு விளிம்பு. நடுவில் வடிகால் துளை. தலையில் ஷாம்பு நுரையோடு நிற்கும்போது தண்ணீர் பாதத்தை மூடி, கணுக்காலைத் தொட்டால் அங்கே வேடிக்கைக்கு இடமில்லை. விளிம்பைத் தாண்டினால் அது போய்ச் சேரும் இடம் மெல்லிய பலகைத் தரை. ஊறிய பலகை உப்பும், பிறகு மக்கும்.

வீட்டில் இப்படி நடந்தால் நாம் முதலில் துளையின் மூடியைக் கழற்றி முடிக்கற்றையைத் தேடுவோம். டிரெய்லரில் அது கடைசியாகப் பார்க்க வேண்டிய இடம். அங்கே முதல் கேள்வி வேறு: தண்ணீர் போய்ச் சேருகிற தொட்டியில் இடம் இருக்கிறதா?

டிரெய்லரின் அடிவயிற்றில் மூன்று வகைத் தொட்டிகள் உண்டு. ஒன்று நல்ல தண்ணீருக்கு. இன்னொன்று கழிவறைக்கு, அதைக் கறுப்புத் தொட்டி என்பார்கள். குளித்த தண்ணீரும் கை கழுவிய தண்ணீரும் போவது சாம்பல் தொட்டிக்கு. அதன் கொள்ளளவு வண்டிக்கு வண்டி மாறும். 150 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். சிக்கனமான ஷவரில் நிமிடத்துக்கு 7 லிட்டர் கொட்டுகிறது என்றால், பத்து நிமிடக் குளியலுக்கு 70 லிட்டர். இரண்டு பேர் குளித்து முடித்தால் தொட்டி தளும்பும். மூன்றாவது ஆள் உள்ளே போகிறார், தண்ணீர் வடியவில்லை. குழாயில் எந்த அடைப்பும் கிடையாது. இறங்க இடமில்லாத தண்ணீர் நிற்கிறது, அவ்வளவுதான். சமையலறை சிங்க், கைகழுவும் சிங்க் எல்லாம் இடுப்பு உயரத்தில் இருக்கின்றன. குளியல் தட்டு மட்டும் தரையோடு தரையாக, சாம்பல் தொட்டிக்குச் சில அங்குலம் மேலே இருக்கிறது. ஆகவே தொட்டி நிறைந்தால் அந்தச் செய்தி முதலில் குளியலறையில்தான் தெரியும்.

‘சுவரில் மானி விளக்கு இருக்கிறதே, அது பாதிதான் நிறைந்திருப்பதாகக் காட்டுகிறதே’ என்று கேட்கலாம். அந்த விளக்கை நம்பி மோசம் போனவர்கள் அதிகம். தொட்டிச் சுவரில் வெவ்வேறு உயரத்தில் உலோக முனைகளைப் பதித்திருப்பார்கள். தண்ணீர் ஒரு முனையைத் தொட்டால் மெல்லிய மின்சாரம் ஓடி, அதற்குரிய விளக்கு எரியும். சோப்பு அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் அந்த முனைகளில் படிந்துவிட்டால் விளக்கு இஷ்டத்துக்குப் பேசும். காலித் தொட்டியை முக்கால் என்னும். நிறைந்ததைப் பாதி என்னும். கழிவுநீர் இறக்கும் இடத்தில் குழாயை மாட்டி, சாம்பல் தொட்டியின் வால்வைத் திறந்து எவ்வளவு கொட்டுகிறது என்று பார்ப்பதே நம்பகமான சோதனை. சில வண்டிகளில் சமையலறைக்கு ஒன்று, குளியலறைக்கு ஒன்று என்று இரண்டு சாம்பல் தொட்டிகள் இருக்கும். ஒன்றைத் திறந்துவிட்டு மற்றதை மறந்துபோகிறவர்களும் உண்டு.

தொட்டி காலி, ஆனாலும் மெதுவாகத்தான் வடிகிறது என்றால் அடுத்து வாட்டம். நம் ஊர்க் கொத்தனார் குளியலறைத் தரைக்கு வாட்டம் விடுவதைப் போல, டிரெய்லரின் வடிகுழாய்க்கும் அடிக்குக் கால் அங்குலம் சரிவு வைப்பது வழக்கம். 24 அடி வண்டியின் ஒரு முனை 6 அங்குலம் தாழ்ந்து நின்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள், அதுவும் அடிக்குக் கால் அங்குலம். குழாய் எதிர்த் திசையில் ஓடுகிறது என்றால் இருந்த வாட்டம் முழுவதும் போய்விட்டது. வண்டியை நிறுத்தியதும் ரசமட்டம் வைத்துப் பார்த்து, சக்கரத்துக்கடியில் கட்டை கொடுத்து, முன்பக்க ஜாக்கியைத் திருகிச் சமப்படுத்தச் சொல்வது இதற்காகவும்தான். நேற்று வேறு ஊரில் நன்றாக வடிந்தது, இன்று இங்கே வடியவில்லை என்றால் சந்தேகம் தரையின் மேல் விழ வேண்டும்.

இனி, பலரும் யோசிக்காத இடத்துக்கு வருவோம். அது காற்று.

எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டுச் சாய்த்துப் பாருங்கள். எண்ணெய் திக்கித் திக்கி, குளுக் குளுக் என்று வரும். எதிர் மூலையில் இன்னோர் ஓட்டை போட்டதும் நூல் பிடித்தாற்போல ஒழுகும். டிரெய்லர் தொட்டியில் நடப்பது இதன் மறுபக்கம். வால்வு மூடிய தொட்டிக்குள் நிமிடத்துக்கு 7 லிட்டர் தண்ணீர் போகிறது என்றால், 7 லிட்டர் காற்று வெளியேறியாக வேண்டும். அதற்காகவே தொட்டியிலிருந்து கூரை வரை ஒரு காற்றுக்குழாய் போகிறது. நம் வீட்டு செப்டிக் டாங்கிலிருந்து மொட்டைமாடிக்குப் போகிற குழாய்க்கு உறவுக்காரன் என்று சொல்லலாம். அந்த வழி அடைபட்டால் காற்று வேறு வழி தேடும். கிடைக்கும் வழி, தண்ணீர் இறங்கி வருகிற அதே குழாய். கீழே போகிற தண்ணீரும் மேலே வருகிற காற்றும் ஒன்றரை அங்குலக் குழாய்க்குள் முட்டிக்கொள்கின்றன. குளியல் தட்டில் குமிழி விட்டு, ஒரு ஏப்பச் சத்தத்தோடு கொஞ்சம் வடியும்; நிற்கும்; மறுபடி ஏப்பம்.

கூரைக்குழாய் அடைபடக் காரணங்கள் சுவையானவை. குளவி கூடு கட்டும். மூடி உடைந்திருந்தால் சருகு விழும். இன்னொன்று கொஞ்சம் விஷமமானது. பல வண்டிகளில் அந்தக் குழாய் ஒரு ரப்பர் வளையத்தின் வழியாகத் தொட்டியின் தலையில் செருகப்பட்டிருக்கும். ஆயிரக்கணக்கான மைல் குலுங்கியதில் குழாய் மெல்ல நழுவித் தொட்டிக்குள் கீழிறங்கிவிடும். தொட்டி காலியாக இருக்கும்வரை தொந்தரவில்லை. தண்ணீர் மட்டம் குழாயின் வாயைத் தொட்ட நிமிடத்தில் காற்றின் வழி அடைபடும். அதனால்தான் சில டிரெய்லர்களில் தொட்டி பாதி நிறையும்வரை ஷவர் ஒழுங்காக வடியும், அதன் பிறகு முரண்டு பிடிக்கும். கூரையில் ஏறி டார்ச் அடித்துப் பார்த்தால் குழாய் சுத்தமாகத்தான் தெரியும். குறை மறுமுனையில் இருக்கிறது.

கைகழுவும் சிங்க்கின் அடியில் கறுப்புத் தொப்பி போட்ட மாதிரி ஒரு சிறு வால்வு இருக்கும். அதைக் காற்றுவழி என்று எண்ணி ஏமாற வேண்டாம். அது காற்றை உள்ளே விடும், வெளியே விடாது. நாற்றம் வீட்டுக்குள் வராமலிருக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் அதைக் கொண்டே ஒரு சோதனை செய்யலாம். அதைத் திருகிக் கழற்றிவிட்டு ஷவரைத் திறந்து பாருங்கள். தண்ணீர் சட்டென்று வேகமாக வடிந்தால் குற்றவாளி காற்றுவழி. கைகழுவும் சிங்க்கும் ஷவரும் ஒரே சாம்பல் தொட்டியில் சேர்ந்தால்தான் இது செல்லும். மூக்கைப் பிடித்துக்கொண்டு செய்யவும்.

இத்தனையும் பார்த்த பிறகு முடி. சோப்பும் கடின நீரின் கால்சியமும் சேர்ந்தால் தண்ணீரில் கரையாத வெள்ளைப் பிசுக்கு உண்டாகும். முடி அதற்கு வலை. இரண்டும் சேர்ந்து வடிகால் துளைக்கு அடியிலேயே, பெரும்பாலும் டிராப் எனப்படும் வளைவில், கம்பளித் துண்டு போல உட்கார்ந்துவிடும். சில சமயம் புது வண்டியிலேயே அடைப்பு இருக்கும். தொழிற்சாலையில் துளை போட்டபோது விழுந்த பிளாஸ்டிக் சீவல்கள்தான் காரணம். ஓரங்களில் முள் வெட்டிய நீளமான பிளாஸ்டிக் பட்டை கடைகளில் கிடைக்கிறது. அதை விட்டுச் சுழற்றி இழுத்தால் பாதி வேலை முடிந்தது.

இந்த வளைவுக்கு ஒரு பெரிய மனிதரின் சம்பந்தம் உண்டு. கழிப்பறைக்கு எஸ் வடிவ வளைவை வைத்து 1775இல் காப்புரிமை பெற்றவர் அலெக்சாண்டர் கம்மிங். தொழிலால் கடிகாரம் செய்பவர். வளைவில் தங்கும் கொஞ்சம் தண்ணீரே நாற்றத்துக்குத் தாழ்ப்பாள். நம் வீடுகளின் நானி டிராப்பிலும் இருப்பது இதே தந்திரம். ஆனால் டிரெய்லர் தரைக்கடியில் வளைவுக்கே இடம் போதாது. ஆகவே சில வண்டிகளில் தண்ணீர்த் தாழ்ப்பாளுக்குப் பதில் நேரான குழாய்க்குள் சவ்வு வைத்த வால்வைப் போடுகிறார்கள். ஹெப்வோ என்பது அதில் தெரிந்த பெயர். தண்ணீர் வந்தால் சவ்வு விலகும், நின்றால் ஒட்டிக்கொள்ளும். அதற்குள் ஸ்பிரிங் கம்பியை விட்டுக் குடைந்தால் சவ்வு கிழியும். கம்பியை எடுக்கும் முன் உங்கள் வண்டியில் இருப்பது வளைவா சவ்வா என்று தெரிந்துகொள்வது நல்லது.

அடைப்பு நீக்கும் காரத்தூளை நான் பரிந்துரைக்க மாட்டேன். காஸ்டிக் சோடா தண்ணீரில் கரையும்போது கொதிக்கும் அளவுக்குச் சூடேறும். டிரெய்லரின் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்க்கும் வால்வின் ரப்பருக்கும் அது ஆகாது. அடைப்பு கரையாவிட்டால், பிறகு குழாயைக் கழற்றுகிறவர் கையில் அந்தக் காரம் கொட்டும். சோடா உப்பும் வினிகரும் பார்க்க அழகாக நுரைக்கும். ஒன்றையொன்று சமன்செய்துவிட்டு ஓய்ந்துவிடும். முடியை அது அசைக்காது. ரப்பர் கிண்ணப் பிளஞ்சரை மெதுவாகப் பயன்படுத்தலாம். ஓங்கி அடித்தால் கீழே எங்கோ ஒரு இணைப்பு விட்டுக்கொள்ளும். அடிப்பக்கத் தகட்டை அறுத்துத் திறக்கும்வரை அது யாருக்கும் தெரியாது.

எல்லாம் சரியாகி, வண்டி அடுத்த ஊருக்குப் போய் நின்றதும் குளியலறையில் லேசாக நாற்றம் அடித்தால் பதற வேண்டாம். வழியில் குலுங்கியதில் வளைவிலிருந்த தண்ணீர் சிந்தியிருக்கும். இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் போதும்.