உதவி நன்கொடையும் புலமைப் பரிசிலும்

சில ஆண்டுகளுக்கு முன் எமது பழைய மாணவர் ஒருவர் கடல் கடந்த நாட்டிலிருந்து சங்கத்துக்குப் பணம் அனுப்பியிருந்தார். வறிய மாணாக்கன் ஒருவனுக்கு உதவுக என்பதே அவர் எழுதிய குறிப்பு. கணக்கேட்டில் அப்பணம் 'புலமைப் பரிசில் நிதி' எனப் பதிவாயிற்று. தெரிவுக் குழுவினர் தலைப்பைப் பார்த்தனர். புள்ளிப் பட்டியலை வருவித்தனர். வகுப்பில் முதல்வனாய் நின்ற பிள்ளைக்கு வழங்கினர். அப்பிள்ளையின் தந்தையார் நல்ல உத்தியோகத்தர். அதே வகுப்பில், சப்பாத்து இல்லாமையாற் பல நாள் வாராதிருந்த மற்றொரு பிள்ளை அத்தவணையோடு படிப்பை நிறுத்திக்கொண்டான். ஒருவரும் வேண்டுமென்று பிழை செய்திலர். ஒரு சொல் மற்றொரு சொல்லின் இடத்திற் போய் இருந்துவிட்டது, அவ்வளவே.

ஆதலின், இவ்விரு சொற்களின் வேறுபாட்டை இம்மலரிற் சிறிது ஆராய்வது பொருந்துமென எண்ணுகின்றோம்.

பரிசில் என்பது நம்மவருக்குப் பழைய சொல். சங்க காலத்துப் புலவர் மன்னர் முன் சென்று பாடிப் பெற்றது பரிசில். அவர்களிற் பலர் வறியராகவே இருந்தனர். மனையிற் பசி இருந்தது. ஆயினும் பரிசில் பசிக்காக வழங்கப்பட்டதன்று, பாட்டுக்காக வழங்கப்பட்டது. அது காலந்தாழ்ந்தபோது உரிமையோடு கேட்கவும் புலவர் தயங்கிலர். பரிசில் கடாநிலை என ஒரு துறையே புறப்பாடல்களில் உண்டு. கொடையின் இயல்பு வேறு. பாரி முல்லைக்குத் தேர் ஈந்தான். பேகன் மயிலுக்குப் போர்வை ஈந்தான். முல்லையும் மயிலும் எந்தப் பரீட்சைக்குத் தோற்றின? கொழுகொம்பின்றி வாடியதும், குளிரில் நடுங்குவதாய்த் தோன்றியதுமே அவற்றின் தகுதி.

இந்நாட்டுக் கல்வி வரலாற்றில் இவ்விரண்டும் வெவ்வேறு வாயில்களால் வந்தன. புலமைப் பரிசில் தனி மாணாக்கனை நாடி வந்தது. பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள் 1870ஆம் ஆண்டிற் பல்கலைக்கழகப் புலமைப் பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்றமை யாவரும் அறிந்ததே. நன்கொடையோ பாடசாலையை நாடி வந்தது. 1869இற் பொதுப்போதனைப் பகுதி நிறுவப்பட்ட பின்னர், அரசினர் உதவி நன்கொடை வழங்கும் முறை விரிந்து பரவிற்று. அது கிடைத்த பாடசாலை வளர்ந்தது. கிடையாத பாடசாலை ஊராரின் பிடியரிசியையும் தருமத்தையும் நம்பி நின்றது. நாவலர் பெருமான் 1872இல் வண்ணார்பண்ணையில் தொடங்கிய ஆங்கில வித்தியாசாலை பொருள் முட்டினாற் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டதை நினைக்குந்தோறும், அக்காலத்துச் சைவப் பாடசாலைகளுக்கு நன்கொடை எத்துணை இன்றியமையாததாயிருந்தது என்பது விளங்கும். 1960இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் வரை, முகாமையாளர் பலருக்கு இதுவே பெருங்கவலையாய் இருந்தது.

இங்கே ஒரு விந்தையையும் சொல்ல வேண்டும். அந்நாளில் நன்கொடைத் தொகை, பிள்ளைகள் வாசிப்பு, எழுத்து, கணக்கு என்பவற்றிற் சித்தியெய்திய அளவைப் பொறுத்து வழங்கப்பட்டது. பெயர் நன்கொடை, நடைமுறை பரிசில். பரீட்சகர் வரும் நாளில் ஆசிரியர் பட்டபாட்டைச் சொல்லவும் வேண்டுமோ?

இக்காலத்தில் மயக்கம் மறுதிசையில் நிகழ்கின்றது. ஐந்தாந்தரப் புலமைப் பரிசிற் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைக் கடந்தவர் எல்லாருக்கும் பணம் கிடைப்பதில்லை. பெற்றோரின் வருமானம் குறித்த எல்லைக்குள் இருத்தல் வேண்டும். ஏனையோர்க்குச் சிறந்த பாடசாலை ஒன்றிற் சேரும் வாய்ப்பும் பெயரும் மட்டுமே. 1981இற் சட்டத்தால் அமைந்த மகாபொல நிதியமும் புள்ளியோடு குடும்ப வருமானத்தையும் நோக்குகின்றது. அதனைப் பெறாத பல்கலைக்கழக மாணவரில் வசதி குறைந்தோருக்குப் பர்சரி எனும் உதவிப்பணம் தனியே உண்டு. ஆகவே விண்ணப்பிக்கும் மாணவர்கள் தலைப்பை மாத்திரம் பார்த்து மலைத்தலாகாது. 'நான் கெட்டிக்காரன் அல்லன், எனக்கு இது கிடையாது' என்று படிவத்தையே தொடாது விட்டவர்களை நாம் அறிவோம். நிபந்தனைகளை முற்றாக வாசித்து, கிராம அலுவலரின் அத்தாட்சியையும் உரிய காலத்திற் பெற்றுவிடல் வேண்டும்.

வழங்கும் முறையிலும் வேறுபாடு உண்டு என்பது எம் கருத்து. பரிசிலை மேடையில் வழங்கலாம், வழங்கவும் வேண்டும். பரிசளிப்பு விழாவிற் பெயர் வாசிக்கப்படும்போது பெற்றாரும் மகிழ்வர், பின்வரும் மாணாக்கரும் ஊக்கமடைவர். நன்கொடையை அவ்வாறு வழங்குதல் தகாது. கொடுத்தவர் பெயரைச் சொல்லலாம். பெற்றவன் பெயரை ஏன் சொல்ல வேண்டும்? எம்முடன் பயின்ற ஒருவர், தமது விடுதிக் கட்டணத்தை ஆசிரியர் ஒருவர் செலுத்தி வந்ததை முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே எமக்குச் சொன்னார். அவ்வாசிரியரோ தம் வாழ்நாளில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

இப்பொழுது சங்கக் கணக்கேட்டில் இரு நிதிகளுக்கும் தனித்தனிப் பக்கம் வகுத்துள்ளோம். பரிசில் நிதிக்குப் புள்ளிப் பட்டியல் போதும். உதவி நிதிக்கு வகுப்பாசிரியர் அதிபரிடம் தனிமையிற் சொல்லும் ஒரு வார்த்தை போதும். பிள்ளை விண்ணப்பம் எழுத வேண்டியதில்லை. பணம் அனுப்பும் அன்பர்கள், இவ்விரண்டில் எதற்கென்று ஒரு வரி எழுதி அனுப்புவார்களாயின், பொருளாளருக்கும் தெரிவுக் குழுவினருக்கும் பேருதவியாயிருக்கும்.