பிரேக்கில் பிறக்கும் மின்சாரம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

ஓடுகின்ற காரை நிறுத்த பிரேக்கை அழுத்துகிறோம், கார் நின்றுவிடுகிறது. அதுவரை அந்தக் காரிடம் இருந்த ஆற்றல் எங்கே போயிற்று? ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அப்படியானால் அந்த ஆற்றல் எங்கேனும் இருந்தாக வேண்டுமல்லவா?

ஒரு சிறு கணக்கு

ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோகிராம் நிறையுள்ள கார் ஒன்று மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். நொடிக்கு ஏறத்தாழ 16.7 மீட்டர். நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் இயக்க ஆற்றல் கிடைக்கும். விடை ஏறத்தாழ 1,67,000 ஜூல். அறை வெப்பநிலையிலுள்ள அரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது ஏறத்தாழப் போதும்.

சாதாரணக் காரில் பிரேக் பேடு டிஸ்க்கின்மேல் உராய்கிறது. இந்த ஆற்றல் பெரும்பாலும் அங்கே வெப்பமாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. நகரத்துச் சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் இதே கதைதான். பெட்ரோலை எரித்து வேகத்தைப் பெறுகிறோம்; பெற்ற வேகத்தை உடனே சூடாக்கித் தொலைக்கிறோம். இந்த இழப்பில் ஒரு பகுதியையேனும் மீட்க முடியாதா என்ற கேள்விக்கு விடையே ஹைபிரிட் கார்களில் உள்ள ஆற்றல் மீட்பு பிரேக்.

மோட்டாரே ஜெனரேட்டர்

காந்தப்புலம் மாறும்போது கம்பிச்சுருளில் மின்சாரம் தூண்டப்படும் என்பதை 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்தார். அவ்வாறு தூண்டப்படும் மின்சாரம், தன்னைத் தோற்றுவித்த மாற்றத்தையே எதிர்க்கும் என்று 1834-இல் லென்ஸ் விளக்கினார்.

லென்ஸ் விதியைக் கால்களால் உணர்ந்தவர்கள் நம்மில் உண்டு. பழைய சைக்கிளின் டைனமோவை டயரில் சாய்த்தவுடன் விளக்கு எரிகிறது, மிதிப்பதும் கடினமாகிறது. அந்தக் கடினத்தில் உராய்வுக்கும் பங்குண்டு. ஆனால் விளக்கை எரிக்கும் மின்சாரத்துக்கான விலையும் அதில் அடங்கியிருக்கிறது. சக்கரத்தை எதிர்க்கும் அந்த விசையைப் பெரிதாக்கிவிட்டால் அதுவே ஒரு பிரேக்!

மின் மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்தால் சுழலும். அதே மோட்டாரை நாம் சுழற்றினால் மின்சாரம் கொடுக்கும். 1997 டிசம்பரில் ஜப்பானில் டொயோட்டா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த பிரியஸ், பெருமளவில் உற்பத்தி செய்யப்பட்ட முதல் ஹைபிரிட் கார். அதில் பெட்ரோல் எஞ்சினும் உண்டு, மின் மோட்டாரும் உண்டு. ஓட்டுநர் பிரேக்கை மெதுவாக அழுத்தினால், சக்கரங்களோடு பற்சக்கரங்களால் இணைந்துள்ள மோட்டார் ஜெனரேட்டராக வேலை செய்யத் தொடங்குகிறது. அதிலிருந்து வரும் மாறுதிசை மின்சாரம் நேர்திசை மின்சாரமாக மாற்றப்பட்டு பேட்டரியில் சேர்கிறது. காரின் வேகமும் குறைகிறது. மீண்டும் புறப்படும்போது, சேர்த்துவைத்த மின்சாரம் மோட்டாரைச் சுழற்றுகிறது.

பழைய பிரேக்கும் வேண்டும்

இதனால் சாதாரண பிரேக்குக்கு வேலையில்லாமல் போய்விடவில்லை. குறுக்கே ஒரு குழந்தை ஓடி வந்தால் நொடியில் நிறுத்தியாக வேண்டும். அத்தனை ஆற்றலை அத்தனை விரைவில் மோட்டாரும் பேட்டரியும் ஏற்க இயலாது. பேட்டரி நிரம்பியிருந்தாலும் மின்சாரத்திற்கு இடமில்லை. கார் மிக மெதுவாகச் செல்லும்போது கிடைப்பதும் சொற்பம். இத்தகைய வேளைகளில் உராய்வு பிரேக்தான் துணை. இரண்டும் எந்த அளவில் சேர்ந்து இயங்க வேண்டும் என்பதைக் காரிலுள்ள கணினி முடிவு செய்கிறது.

பெட்ரோலே வேண்டாமா?

என் தந்தை லாரி ஓட்டுநர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். இந்தக் காரைப் பற்றிச் சொன்னபோது அவர் கேட்டார்: "ஓட ஓட கரண்டு வருதுன்னா, அந்தக் கரண்டிலேயே ஓட்டிட வேண்டியதுதானே? பெட்ரோல் எதுக்கு?"

படித்தவர்களும் கேட்கும் கேள்வி இது. வெளியிலிருந்து சார்ஜ் செய்யாத ஹைபிரிட் காரில், பேட்டரிக்கு வரும் ஆற்றலின் மூலம் பெட்ரோல்தான். பிரேக் புதிதாக எதையும் தருவதில்லை. பெட்ரோல் கொடுத்ததில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறது, அவ்வளவே. காற்றின் எதிர்ப்பிலும் டயரின் உருளலிலும் செலவானது திரும்பி வராது. மீட்டதிலும் சேதாரம் உண்டு. ஜெனரேட்டர், பேட்டரியில் ஏற்றுதல், பேட்டரியிலிருந்து இறக்குதல், மோட்டார் என்ற நான்கு படிகளிலும் பத்தில் ஒரு பங்கு வீணாவதாக வைத்துக்கொண்டால், 100 ஜூலில் ஏறத்தாழ 66 ஜூல்தான் மீண்டும் சக்கரத்தை அடையும்.

தந்தைக்கு நான் இப்படிச் சொன்னேன்: "இது சம்பளம் இல்லப்பா, மீதிச் சில்லறை." அவர் சிரித்துவிட்டு, "சில்லறையை விட்டுட்டு வர்றதும் தப்புதான்" என்றார்.

நமக்கு ஒரு பாடம்

அடிக்கடி நின்று புறப்படும் நகரப் பயணத்தில் இந்தச் சில்லறை நிறையச் சேரும். பிரேக்குக்கு வேலையில்லாத நெடுஞ்சாலையில் குறைவாகவே சேரும். திடீரென அழுத்தாமல், தொலைவிலேயே சிக்னலைக் கவனித்து மெல்ல அழுத்துபவருக்கு அதிகம் கிடைக்கும். அதைவிட மேலானது, வேண்டாத வேகத்தை எடுக்காமலே இருப்பது. 100 கொடுத்து 66 மீட்பதைவிட, அந்த 100-ஐச் செலவிடாதிருப்பதே சிக்கனம். சக்கரத்தில் டைனமோவைப் பொருத்திவிட்டால் எரிபொருளே வேண்டாம் என்று எவரேனும் சொன்னால், நண்பர்களே, லென்ஸ் விதியை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். நாம் படிக்கும் அறிவியல் நம் வீட்டுத் திண்ணை வரை போய்ச் சேரட்டும்.